வளர்ந்தவர்களுக்கு எழுத்தறிவித்தல்: தன்னார்வலருக்கு ஒரு வழிகாட்டி

எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு எழுத்தறிவிக்க முன்வருபவர், பெரும்பாலும் தாம் ஒன்றாம் வகுப்பில் படித்த வழியையே கையிலெடுக்கிறார். சுவரில் அட்டை தொங்கும். அதில் அகரம் முதல் ஔகாரம் வரை வரிசையாக நிற்கும். ஒருவர் சொல்ல, மற்றவர்கள் கூடவே சொல்வார்கள். மூன்றாவது வாரத்தில் பாதிப் பேர் வரமாட்டார்கள். 1990களின் தொடக்கத்தில், பெரியவர்களுக்கு எழுத்தறிவித்த அறிவொளி இயக்கத்தில் தன்னார்வலராகச் சேர்ந்த நான், முதல் கற்றல் மையத்தை இப்படித்தான் நடத்தினேன், இப்படித்தான் இழந்தேன். இன்று புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தில் 15 வயதுக்கு மேற்பட்டோருக்குக் கற்பிக்கும் தன்னார்வலர்களும், எந்தத் திட்டத்திலும் சேராமல் தம் பாட்டிக்கோ வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்கோ சொல்லிக்கொடுக்க நினைப்பவர்களும் பெரும்பாலும் அதே அட்டையில்தான் தொடங்குகிறார்கள்.

ஒரே ஒரு வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டால் மற்ற முறைகளெல்லாம் அதிலிருந்து தாமாகவே பிறக்கும். ஒன்றாம் வகுப்புக் குழந்தை சொற்களையும் உலகத்தையும் எழுத்தையும் ஒருசேரக் கற்கிறது. நாற்பத்தைந்து வயதுப் பெண்ணுக்கோ தமிழ் முழுமையாகக் கையில் இருக்கிறது. வட்டிக் கணக்கு தெரியும், பத்து வீட்டு உறவுமுறை தெரியும், நாற்றங்காலைப் பார்த்த மாத்திரத்தில் நடவுக்கு எத்தனை நாள் என்று சொல்லத் தெரியும். தம் வாயில் வரும் சொல் தாளில் எந்த உருவத்தில் இருக்கும் என்ற ஒன்று மட்டுமே அவருக்குத் தெரியாது. அந்த ஒன்றை மட்டும் கற்றுக்கொடுங்கள். தெரிந்ததையும் சேர்த்து முதலிலிருந்து கற்றுக்கொடுக்கப் புகும்போதுதான், தம்மைச் சிறுபிள்ளையாக நடத்துகிறார்கள் என்ற எண்ணம் அவருக்கு வருகிறது. 1978இல் நாடு முழுவதும் தொடங்கப்பட்ட வயதுவந்தோர் கல்வித் திட்டத்துக்குத் தமிழில் ‘முதியோர் கல்வி’ என்ற பெயரே நிலைத்துவிட்டது. முப்பது வயதுக்காரர் அந்தப் பெயர்ப்பலகைக்குக் கீழே வந்து உட்காரத் தயங்கியதில் வியப்பில்லை.

முதல் வகுப்புக்கு முன்

முதல் வகுப்புக்கு முன்பே ஒவ்வொருவர் வீட்டுக்கும் போய்த் திண்ணையில் உட்கார்ந்து பேச வேண்டும். “படிக்க வருகிறீர்களா?” என்று கேட்டால், “இனிமேல் படித்து என்ன கலெக்டர் ஆகவா போகிறேன்?” என்ற பதில்தான் வரும். “எதை வாசிக்க முடியாமல் எப்போது சிரமப்பட்டீர்கள்?” என்று கேளுங்கள், விடை நீளும். வங்கியில் பணம் எடுக்கும் சீட்டை நிரப்பித் தரச் சொல்லி யாரையாவது கெஞ்ச வேண்டியிருக்கிறது என்பார் ஒருவர். சுய உதவிக் குழுவின் நோட்டில் தம் பெயருக்கு நேரே என்ன தொகை எழுதியிருக்கிறது என்று தெரிய வேண்டும் என்பார் இன்னொருவர். வேதாகமத்தைத் தாமே வாசிக்க வேண்டும் என்பதற்காகவே வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்றாலும், வந்து நிற்கும் வண்டி எந்த ஊருக்குப் போகிறது என்பதை இன்னொருவரிடம் கேட்டுத்தானே ஏற வேண்டியிருக்கிறது என்ற குறை பலருக்கு உண்டு. இந்த விடைகளை நோட்டில் பெயர்வாரியாக எழுதிவையுங்கள். உங்கள் பாடத்திட்டம் அதுதான்.

பெரியவர்கள் எதையும் ‘பிற்காலத்தில் பயன்படும்’ என்பதற்காகக் கற்பதில்லை என்றும், நாளைக்கே கைகொடுக்கக்கூடியதைத்தான் ஊன்றிக் கற்கிறார்கள் என்றும் வயதுவந்தோர் கல்வி பற்றி எழுதிய அமெரிக்கரான மால்கம் நோல்ஸ் வலியுறுத்தினார். புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது அன்றைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத், எழுத்தறிவோடு பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டும் பயிற்சியையும் சேர்த்ததை இந்தக் கோணத்தில்தான் பார்க்க வேண்டும். சைக்கிளுக்கும் எழுத்துக்கும் என்ன தொடர்பு என்று அப்போது கேலி பேசியவர்கள் உண்டு. பிறர் தயவில்லாமல் ஓரிடத்துக்குப் போய்வர முடிந்த பெண்ணுக்கு, அந்த இடத்தின் பெயர்ப்பலகையை வாசிக்க வேண்டிய தேவையும் கூடவே வந்துவிடுகிறது என்பதே அந்தத் தொடர்பு.

வீட்டுக்குப் போகும்போது கவனிக்க வேண்டிய இன்னொன்று கண். நாற்பது வயதைத் தாண்டிய பெரும்பாலோருக்கு வெள்ளெழுத்து வந்துவிடும். வாசிக்கத் தெரிந்தவர் அதை உடனே உணர்ந்து கண்ணாடி வாங்கிவிடுகிறார். இதுவரை எதையும் வாசித்திராதவருக்கு அப்படி ஒன்று தமக்கு இருப்பதே தெரிவதில்லை. ஊசியில் நூல் கோக்கச் சொல்லிப் பாருங்கள். கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு தடுமாறினால் முதலில் தேவைப்படுவது கண்ணாடி, அதன் பிறகுதான் பாடம். “எனக்கு மண்டையில் ஏறவில்லை” என்று சொல்லிவிட்டு நின்றுபோன சிலருக்கு ஏறாதது கண்ணில்தான் என்பதை நான் மிகத் தாமதமாகவே புரிந்துகொண்டேன். கரும்பலகையில் உள்ளங்கை அகலத்துக்கு எழுத வேண்டும், விளக்கு கற்பவரின் முதுகுக்குப் பின்னால் இருக்கக்கூடாது.

நேரத்தை அவர்களே முடிவுசெய்யட்டும். நடவும் அறுப்பும் நடக்கும் வாரங்களில் வகுப்பை நிறுத்திவிட்டு அதை முன்கூட்டியே அறிவித்துவிடுவது, வராதவர்களைக் கணக்கெடுப்பதைவிட நல்லது.

முதல் சொல்

பிரேசில் நாட்டின் வடகிழக்கில் உள்ள அங்கிகோஸ் என்ற சிற்றூரில் 1963இல் அந்நாட்டுக் கல்வியாளர் பாவ்லோ ஃபிரெய்ரே சுமார் 300 தொழிலாளர்களுக்கு ஏறத்தாழ 40 மணி நேரத்தில் எழுத்தறிவித்தார். அவர் அரிச்சுவடியில் தொடங்கவில்லை. அந்த மக்களின் அன்றாட வாழ்க்கையிலிருந்து கனமான சில சொற்களைப் பொறுக்கியெடுத்து, ஒவ்வொரு சொல்லைப் பற்றியும் முதலில் பேசவிட்டு, பிறகு அதை அசைகளாக உடைத்து, அந்த அசைகளிலிருந்து புதிய சொற்களை அவர்களையே உண்டாக்கச் சொன்னார். உயிரும் மெய்யும் சேர்ந்து ஒரே எழுத்தாக நிற்கும் தமிழுக்கு இந்த முறை அளவெடுத்துத் தைத்த சட்டை போலப் பொருந்துகிறது.

‘பட்டா’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். நிலமுள்ளவருக்கும் நிலமில்லாதவருக்கும் அதைப் பற்றிச் சொல்ல ஏதாவது இருக்கும். யார் பெயரில் பட்டா இருக்கிறது, பெண் பெயரில் ஏன் இல்லை, வீட்டுமனைப் பட்டாவுக்கு எத்தனை முறை நடந்தோம் என்று பத்து நிமிடம் பேச்சு ஓடட்டும். பிறகு உண்மையான பட்டா நகல் ஒன்றைக் காட்டி, தலைப்பில் அந்தச் சொல் எங்கே இருக்கிறது என்று சுட்டிக்காட்டுங்கள். அடுத்ததாகப் பலகையில் ‘பட்டா’ என்று பெரிதாக எழுதி, ப, ட், டா என்று பிரித்துக் காட்டுங்கள். புள்ளி வைத்தால் ஒலி குறுகி நிற்கும், துணைக்கால் போட்டால் நீளும் என்ற இரண்டு செய்திகளையும் சொல்லால் விளக்காமல், வாயால் ஒலித்துக் காட்டுவதே போதும்.

இப்போது அவர்கள் கையில் இரண்டு மெய்களும் ஒரு புள்ளியும் ஒரு காலும் இருக்கின்றன. இவற்றை வைத்தே ‘டப்பா’, ‘பாப்பா’ என்று அவர்களாகவே சேர்த்துவிடுவார்கள். மறுநாள் மேல்விலங்கை, அதாவது ‘டி’யில் வரும் இகரக் குறியைக் கொடுங்கள்: படி, பட்டி, பாட்டி. அதற்கடுத்த நாள் ‘டு’ வந்துவிட்டால் படு, பாடு, பட்டு, பாட்டு. நான்காம் நாளில் ‘பாட்டி பாடு படுபாடு’ என்று பலகையில் எழுதினேன். எழுத்துக்கூட்டி முடித்த நொடியில் மையமே சிரித்தது. தாளில் இருக்கும் கோடுகள் தம்மைச் சிரிக்கவைக்கும் என்பது அந்தப் பெண்களுக்கு அன்றுதான் தெரியவந்தது. அதன் பிறகு ‘ம’ சேர்ந்தால் படம், பட்டம், மாடு, மாமி, பாம்பு, மட்டும் என்று சொற்கள் கிளைவிடும். 247 எழுத்து என்ற கணக்கை ஒருபோதும் அவர்கள் காதில் போடாதீர்கள். மெய்களின் உருவங்களும், ஒருசில குறிகளும், தனியாக நிற்கும் உயிர்களும் தெரிந்துவிட்டால் பெரும்பகுதி வேலை முடிந்தது.

எந்தச் சொல்லை முதலில் எடுப்பது என்பதில் ஒரு நுட்பம் இருக்கிறது. பேச்சிலும் எழுத்திலும் ஒரே வடிவத்தில் இருக்கும் சொற்களையே முதல் மாதத்தில் பயன்படுத்த வேண்டும். ‘மாடு’ என்று எழுதினால் அவர் சொல்வதும் மாடு. ‘தண்ணீர்’ என்று எழுதினால் அவர் வாய் ‘தண்ணி’ என்கிறது; கடைசி எழுத்தைத் தாம் தவறாக வாசித்துவிட்டதாக அவர் நினைத்துக்கொள்வார். ‘இருக்கிறது’, ‘வந்தார்கள்’ போன்றவற்றை இரண்டாம் மாதத்துக்குத் தள்ளிவைத்து, அவை வரும்போது “நாம் ‘இருக்கு’ என்று பேசுவதைப் புத்தகத்தில் இப்படி எழுதுவார்கள்” என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். மறுபக்கம், ‘ப’ என்ற ஒரே எழுத்து ‘படம்’ என்பதில் ஒருவிதமாகவும் ‘கோபம்’ என்பதில் வேறுவிதமாகவும் ஒலிப்பது தமிழைப் புதிதாகக் கற்கும் வெளிநாட்டவருக்குப் பெரும் தலைவலி. நம் கற்போருக்கு அது ஒரு பிரச்சினையே இல்லை. சொல் இன்னதென்று பிடிபட்டதும் ஒலி தானாகவே சரியாகிவிடுகிறது. இதற்கென்று பாடம் நடத்தி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

சிக்கல் வரும் இடம் கொம்பு. ‘கெ’, ‘கே’, ‘கை’ ஆகியவற்றில் குறி முன்னால் நிற்கிறது, ஒலியோ பின்னால் வருகிறது. ‘கொ’, ‘கோ’ இரண்டிலும் குறி எழுத்தின் இருபுறமும் நின்று அணைக்கிறது. இடமிருந்து வலமாகக் கூட்டிப் பழகியவர் இங்கே கட்டாயம் தடுக்கி விழுவார். கொம்பையும் எழுத்தையும் சேர்த்து ஒரே உருவமாக, ‘பேருந்து’, ‘கோயில்’ போன்ற தெரிந்த சொல்லுக்குள் வைத்துக் காட்டுவதுதான் எளிது. உகர, ஊகார வரிசைகள் இன்னும் முரடானவை. கு, சு, டு, மு, ரு என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக வளைவதால், அவற்றை வரிசையாகக் கற்பிக்காமல் சொல் வரும்போது ஒன்றொன்றாக அறிமுகப்படுத்துங்கள். அறுபதை நெருங்குபவர்களில் இரண்டாம் வகுப்பு வரை படித்தவர் யாராவது இருந்தால், லை, னை போன்றவற்றின் பழைய உருவங்கள் அவர் நினைவில் இருக்கக்கூடும். 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்து அவை மாறிவிட்டதைச் சொன்னால், மறந்துவிட்டோமோ என்ற அவருடைய குழப்பம் நீங்கும்.

பெயர்

எல்லோரும் முதலில் கேட்பது தம் பெயரை எழுதத்தான். கையெழுத்துப் போடத் தெரிந்தாலே எழுத்தறிவு பெற்றவர் என்று கணக்கில் சேர்த்துவிடும் வழக்கத்தால் அறிவொளிக் காலத்திலேயே பலர் பாதியில் நின்றுபோனார்கள் என்பதால், பெயரைக் கடைசியில்தான் சொல்லித்தர வேண்டும் என்று வாதிட்ட தன்னார்வலர்கள் இருந்தார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. வாழ்நாள் முழுவதும் கட்டைவிரலை மையில் அழுத்தியவர் முதல் வாரத்திலேயே தம் பெயரைத் தாளில் பார்ப்பதற்கு உரிமையுள்ளவர். ஆனால் அதை ஒரு படமாகப் பார்த்து வரைய விட்டுவிடாதீர்கள். ‘பாப்பாத்தி’ என்ற பெயரில் பா, ப் இரண்டும் ‘பாப்பா’விலும் இருக்கின்றன என்பதை அவரே கண்டுபிடிக்கட்டும். பக்கத்தில் இருப்பவரின் பெயரில் தம் எழுத்து எதுவாவது இருக்கிறதா என்று தேடவிட்டால், ஒருமணி நேரம் போவது தெரியாது.

எழுதும் கை பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். மண்வெட்டி பிடித்த விரல்கள் பென்சிலை அழுத்தி முனையை ஒடிக்கும். தடித்த சாக்குக்கட்டியில் தொடங்கலாம். தினமும் வாசலில் கம்பிக் கோலம் போடும் பெண்ணுக்கு வளைவும் சுழியும் நம்மைவிட நன்றாக வரும், ‘ண’வுக்கு எத்தனை சுழி என்பது மட்டும்தான் கேள்வி. கோலமாவிலேயே எழுதச் சொல்லுங்கள்.

வாயும் விரலும்

என் இரண்டாவது மையத்தில் ஓர் அக்கா பாடத்தைத் தங்குதடையின்றி வாசிப்பார். நான் பூரித்துப்போயிருந்தேன். ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தபோதுதான், விரல் மூன்றாம் வரியின் கடைசிக்குப் போய்விட்டது, வாய் இன்னும் இரண்டாம் வரியின் நடுவில் இருக்கிறது என்பது தெரிந்தது. கூட்டமாகச் சேர்ந்து சொன்ன பாடம் அப்படியே காதில் தங்கி வாயில் வந்துகொண்டிருந்தது. ஒப்பாரியும் தாலாட்டும் கேட்டே மனத்தில் ஏற்றிக்கொண்ட தலைமுறையின் நினைவாற்றலை நான் குறைத்து மதிப்பிட்டுவிட்டேன். மறுநாள் ஒரு பழைய அஞ்சலட்டையில், ஒரு சொல் மட்டும் தெரியும் அளவுக்குச் சன்னல் வெட்டி, அதே பக்கத்தின் மேல் வைத்து அங்குமிங்கும் நகர்த்தினேன். பத்துச் சொற்களில் நான்கைத்தான் அவரால் வாசிக்க முடிந்தது. “என்னை ஏமாற்றிவிட்டீர்களே அக்கா” என்றேன். “நீதான் தம்பி கேட்கவே இல்லை” என்றார்.

அந்த அட்டையை நீங்களும் வெட்டிவைத்துக்கொள்ளுங்கள். திரும்பத் திரும்பப் படிப்பதைவிட, பார்க்காமல் நினைவுக்குக் கொண்டுவர முயல்வதுதான் நீண்ட நாள் தங்குகிறது என்பது ஆய்வில் தெளிவாக நிறுவப்பட்ட செய்தி. ரோடிகர், கார்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட சோதனை ஒன்றில், ஒரு பத்தியை நான்கு முறையும் படித்துக்கொண்டே இருந்த மாணவர்கள் ஒரு வாரம் கழித்து அதில் 40 விழுக்காட்டை நினைவுகூர்ந்தார்கள். ஒருமுறை மட்டும் படித்துவிட்டு மூன்று முறை நினைவிலிருந்து எழுதிப்பார்த்தவர்கள் 61 விழுக்காட்டை நினைவுகூர்ந்தார்கள். ஐந்தே நிமிடத்தில் கேட்டபோது படித்துக்கொண்டே இருந்தவர்கள்தான் முன்னால் நின்றார்கள் என்பது இதில் கவனிக்கத்தக்கது. வகுப்பு முடியும்போது எல்லாம் புரிந்ததுபோல் தோன்றுவதை நம்பக்கூடாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம். ஆகவே ஒவ்வொரு வகுப்பையும் புதிய பாடத்தில் தொடங்காமல், நேற்றைய சொற்களில் மூன்றும் போன வாரச் சொற்களில் இரண்டும் எடுத்து, புத்தகத்தை மூடிவைத்துவிட்டு எழுதச் சொல்லுங்கள். மறதியை 1885இலேயே தம்மையே சோதித்து அளந்த ஜெர்மானிய உளவியலாளர் எபிங்ஹவுஸ் கண்டதுபோல, கற்றவுடனேதான் மறதி வேகமாக இருக்கும். அதனால் முதல் மீள்பார்வை மறுநாளே வர வேண்டும், அடுத்தடுத்தவற்றின் இடைவெளி நீளலாம்.

பயிற்சி முகாம்களில் கண்ணால் கற்பவர், காதால் கற்பவர் என்று ஆட்களைப் பிரிக்கச் சொல்வார்கள். 2008இல் வெளியான ஒரு விரிவான மதிப்பாய்வு, அப்படிப் பிரித்துக் கற்பிப்பதால் பயன் உண்டு என்பதற்குப் போதிய சான்று இல்லை என்றே முடிவுகட்டியது. அந்த நேரத்தில் இன்னும் இரண்டு சொல் படிக்கலாம்.

தவறு செய்பவரைப் பலர் முன்னிலையில் திருத்த வேண்டாம். மாமியாரும் மருமகளும் ஒரே மையத்துக்கு வருகிறார்கள் என்றால் இது இன்னும் முக்கியம். மருமகள் வேகமாக வாசிப்பார், மாமியார் அடுத்த வாரம் இடுப்புவலி என்று நின்றுவிடுவார். அவர்களை வெவ்வேறு மூலையில், வெவ்வேறு கூட்டாளிகளோடு உட்காரவையுங்கள். உங்களைவிட மூத்தவரை அம்மா, அண்ணே, பெரியப்பா என்று முறைவைத்து அழையுங்கள். வகுப்பில் யாரும் உங்களை ‘சார்’ என்று எழுந்து நின்று வணங்கத் தொடங்கினால், பழைய பள்ளிக்கூடத்தின் பயம் உள்ளே வந்துவிட்டது என்று பொருள்.

எண்கள்

எண்ணவும் கூட்டவும் சொல்லித்தரத் தேவையில்லை. முழம்போட்டுப் பூ விற்பவருக்கு மனக்கணக்கில் நாம்தான் மாணவர். எண்களின் உருவத்தை மட்டும் ரூபாய்த் தாளிலிருந்து தொடங்குங்கள். நிறத்தைக் கொண்டே தாளை அடையாளம் கண்டுவந்தவர்கள், 2016க்குப் பிறகு தாள்களின் நிறமும் அளவும் மாறியபோது பட்ட அவதியை மறந்திருக்க மாட்டார்கள். நூற்று ஐந்தை 1005 என்று எழுதுவது அநேகமாக எல்லோரும் செய்யும் தவறு. காதில் விழுவதை அப்படியே எழுதினால் அது நியாயமான தவறும்கூட. ஒரு நூறு ரூபாய்த் தாளையும் ஐந்து ரூபாய் நாணயத்தையும் பலகைக்குக் கீழே வைத்து, நடுவில் பத்து ரூபாய்க்கான இடம் காலியாக இருப்பதைக் காட்டினால் இரண்டே நாளில் சரியாகிவிடும். பிறகு கைப்பேசி எண், பேருந்துத் தட எண், ரேஷன் கடை ரசீதில் உள்ள கிலோ என்று நகரலாம். கைப்பேசியில் குரல்பதிவு அனுப்பவே பழகியவர்களுக்கு, தொடர்பு பட்டியலில் மகள் பெயரைத் தமிழில் சேமித்துக் கொடுத்து, அதைத் தேடியெடுத்து அழைக்கச் சொல்வது நல்ல வீட்டுப்பாடம்.

தேர்வுக்குப் பிறகு

அரசுத் திட்டத்தின் மதிப்பீட்டுத் தேர்வு வாசித்தல், எழுதுதல், எண்ணறிவு என மூன்றுக்கும் தலா 50 வீதம் 150 மதிப்பெண்ணுக்கு நடக்கிறது. சான்றிதழ் கைக்கு வந்ததும் மையம் கலைந்துவிடும். ஆறு மாதம் எதையும் வாசிக்காவிட்டால் எழுத்தும் கலைந்துவிடும். இதற்கு நூலகம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஊருக்கு வரும் கல்யாணப் பத்திரிகைகளை எறியாமல் சேர்த்துவைக்கச் சொல்லுங்கள். அவற்றில் எழுத்து பெரிதாக இருக்கும். இருக்கும் பெயர்களில் பாதி தெரிந்த பெயர்கள். தாய்மாமன் பெயர் விடுபட்டிருக்கிறதா என்று பார்ப்பதற்காகவே கடைசி வரி வரை வாசிப்பார்கள். அது பழகிய பிறகு நாளிதழின் தலைப்புச் செய்திக்குப் போகலாம். 1942இல் சி. பா. ஆதித்தனார் மதுரையில் தொடங்கிய தினத்தந்தி, எளிய சொற்களாலும் பெரிய தலைப்புகளாலும்தான் டீக்கடை பெஞ்சு வரை வந்து சேர்ந்தது.

இடையில் நின்றுபோனவரைத் தேடிப் போகும்போது ‘ஏன் வரவில்லை?’ என்று கேட்காதீர்கள். அதற்கு அவரிடம் இருக்கும் விடை பெரும்பாலும் சொல்ல விரும்பாத விடையாகவே இருக்கும். வீட்டில் புதிதாக வந்த மருந்துச் சீட்டோ மின்கட்டண அட்டையோ இருக்கிறதா என்று கேட்டு வாங்கி, அதில் அவருக்குத் தெரிந்த ஓர் எழுத்தைத் தேடச் சொல்லுங்கள். தேடிக் கண்டுபிடித்துவிட்டால் அன்றைய வகுப்பை அந்தத் திண்ணையிலேயே நடத்திவிட்டு வரலாம்.